பொட்டில்லாத முகம் வரும்வரை

தினேஷ்,

நீ கேட்ட போட்டோவை அனுப்பாமல் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறேன். கடையில் கூட்டம், கரண்ட் இல்லை, கண் வலி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. நீயும் நம்பிவிட்டாய். நான் சொல்வதையெல்லாம் நீ அப்படியே நம்பிவிடுகிறாய் என்பதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை ஆபீஸில் வைத்துப் படிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி.

உன் நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்துப் பெரிய திரையில் போட வேண்டும் என்று, நாலு வயதில் நீ என் தோள்மேல் உட்கார்ந்திருக்கிற அந்தப் பழைய படத்தைக் கேட்டாய். யாரோ ஒரு கல்யாணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக எடுத்தது. அதில் நாம் இருவரும் விரல் நகம் அளவுதான் இருக்கிறோம். "அந்த ஆப்ல போட்டு கிளியர் பண்ணி அனுப்புங்கப்பா, உங்களுக்குத்தான் அது நல்லா வருமே" என்றாய். நீ சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். எனக்குத்தான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆவணிக்குப் பிறகு அந்த ஆப்பை நான் தொடவில்லை. நீ கேட்டாயே என்று திறந்தேன். பழைய வேலைகளையெல்லாம் அது பத்திரமாக வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேலரியில் அழித்தால் எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். திறந்ததும் வரிசையாகப் பெண்கள். ஒருத்திக்கு வட்ட முகம், ஒருத்திக்கு நீள மூக்கு, ஒருத்தி கிழவி, ஒருத்திக்கு நெற்றியில் பொட்டு. கடைசியில் பெனிட்டா. அத்தனை முகமும் ஒரே படத்திலிருந்து வந்தவை. அந்தக் கடைசி முகத்தை மட்டும்தான் நீ பார்த்திருக்கிறாய். மற்றவை இருந்தன என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அந்த ஆப்பை எனக்குக் கற்றுக்கொடுத்ததே பெனிட்டாதான். நம் கடையில் பார்சல் போடவும், வாட்ஸ்அப்பில் வருகிற ஆர்டர்களுக்குப் பதில் எழுதவும் அவள் வந்த புதிதில் நடந்தது இது. சிங்கப்பூரில் இருந்து ஒரு அம்மாள், தன் தாயார் கட்டியிருந்த புடவையைப் போலவே ஒன்று வேண்டும் என்று ஒரு குடும்பப் போட்டோவை அனுப்பியிருந்தார். பார்டர் இருக்கிற இடத்தில் ஏதோ மஞ்சள் கோடு போலத் தெரிந்தது, அவ்வளவுதான். பெனிட்டா அதை ஆப்பில் போட்டாள். ஒரு நிமிஷத்தில் பார்டர் பளிச்சென்று வந்து நின்றது. வரிசையாக அன்னங்கள். நான் அசந்துபோய், நெசவாளரைக் கூப்பிடு, டிசைன் கிடைத்துவிட்டது என்றேன். அவள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒரு அன்னத்துக்கு இரண்டு தலை இருந்தது. ரெட்டைத் தலை அன்னம் என்று பேர் வைத்து விலையை ஏற்றிவிடலாம் என்று நான் கிண்டல் பண்ண, அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சார், மங்கலா இருக்கறத இது தொடச்சி காட்டுதுன்னு நெனச்சிகினு இருக்கீங்க. அப்டி இல்ல. தெரியாத எடத்துல அதுவா எதையோ வரைஞ்சி வெச்சிடுது."

அதைச் சும்மா சொல்லிவிட்டு விடவில்லை அவள். அந்த அம்மாளுக்கு எழுதி, பெட்டியில் அந்தப் புடவை இருந்தால் பார்டரைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். வந்தது. அதில் அன்னமும் இல்லை, தலையும் இல்லை. ருத்ராட்ச மணி கோத்தது போன்ற கோடுகள்தான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்கு உன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஆப் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. எனக்குத் தெரியும். ஒரு புடவையின் பார்டருக்கே அதை நம்பக் கூடாது என்று தெரிந்துதான் ஒரு பெண்ணின் முகத்துக்கு நம்பினேன்.

அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தீர்கள். நீ லீவுக்கு வந்தால் கடையிலேயே பழியாகக் கிடந்தாய். புடவை மடிக்கத் தெரியாத பிள்ளை புடவை மடிக்கக் கற்றுக்கொண்டாய். அம்மாவிடம்தான் முதலில் சொன்னாய், அம்மா என்னிடம் சொன்னாள். நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றேன். நீ அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டாய். எனக்கும் என்னைப் பற்றி நல்ல எண்ணம்தான் இருந்தது. அவள் அப்பா மாசிலாமணி சார் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் பிரியாணி சாப்பிட்டவன் நான். பொங்கலுக்கு அவர் நம் வீட்டுக்கு வருவார். சாதி மதம் பார்க்கிற ஆள் நான் இல்லை என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ராத்திரி படுத்தால், கல்யாணம் கோயிலிலா சர்ச்சிலா, என் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது, நம் தெருவில் என்ன பேசுவார்கள் என்றுதான் மனசு ஓடும். வாயால் சொல்ல வெட்கமாக இருந்ததால் உள்ளேயே வைத்துக்கொண்டேன். உள்ளேயே இருந்து அது என்ன செய்தது என்பதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

ஆவணி முகூர்த்த நேரம். தெள்ளார்க்காரர் ஒருவர் தன் பெண்ணுக்கு அரக்கு நிறத்தில் கூரைப்புடவை சொல்லி, அது தறியிலிருந்து இறங்கி வந்திருந்தது. அதே வாரம் உன் பெரியம்மாவுக்கு வேலூரில் ஆபரேஷன். அம்மா விடியற்காலையில் கிளம்பிப் போய்விட்டாள். மத்தியானம் நான் உள்ளே சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், வாசல் பக்கத்து அலமாரியில் இருந்த கூரைப்புடவை கவரோடு காணோம். பெனிட்டா அன்றைக்கு லீவு. தேடாத இடமில்லை. கடைசியில், நீ பொங்கலுக்கு வந்தபோது மாட்டிவிட்டுப் போன கேமராவைப் பார்த்தேன். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உள்ளே வருகிறாள், யாரையோ கூப்பிடுவது போல நிற்கிறாள், கவரை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போகிறாள். கேமரா மேலே மாட்டியிருந்ததா, முகம் ஒரு அரிசி அளவுக்குத்தான் விழுந்திருந்தது. கண் எங்கே மூக்கு எங்கே என்று தெரியவில்லை.

பெனிட்டாவிடமும் அப்படி ஒரு துணிப்பை உண்டு. ஆரணியில் பாதிப் பெண்களிடம் அது உண்டு. என் மனசுக்கு அந்த ஒரு பைதான் தோன்றியது.

அந்தப் படத்தை ஆப்பில் போட்டேன். வட்ட முகமாக யாரோ வந்தாள். நான் பார்த்தே இராத பெண். சரியில்லை என்று மறுபடி அழுத்தினேன். நீள மூக்கோடு ஒருத்தி. மறுபடி. கிழவி. ஒரே படம், அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள். அந்த இடத்திலேயே போனைக் கீழே வைத்திருக்க வேண்டும். ரெட்டைத் தலை அன்னம் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. தள்ளிவிட்டு அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு முகம் வந்தது, கன்னமும் தாடையும் பெனிட்டா மாதிரியே. ஆனால் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு. பெனிட்டா பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? இது அவள் இல்லை என்று முடிவு கட்டவில்லை. ஆப் தப்புப் பண்ணிவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த முகத்தை அழித்துவிட்டு இன்னொரு தடவை அழுத்தினேன். பொட்டில்லாமல் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. யார் எடுத்தது என்று கண்டுபிடிக்கத்தான் அழுத்துகிறேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் முகம் வந்தால் நிறுத்த வேண்டும் என்பது என் கட்டைவிரலுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில், நெசவாளர்கள் புடவை கொண்டுவந்தால் நான் உன்னைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வேன். இன்னொரு முனையை நான் பிடித்துக்கொண்டு தெருவுக்கு இறங்குவோம். டியூப்லைட்டில் பார்த்து நான் ஒரு புடவை எடுத்தது கிடையாது. பகல் வெளிச்சத்தில் விரித்து, நிறம் பார்த்து, இழை பார்த்துத்தான் எடுப்பேன். மழை மூட்டமாக இருந்தால், நாளைக்கு வாருங்கள் என்று நெசவாளரையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கை வலிக்கிறது என்று நீ முனகுவாய். அவசரப்பட்டால் அரக்கு கருப்பாகத் தெரியும் என்று உனக்குப் பெரிய மனிதன் போலப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பெண் விஷயத்தில் ஒரு நாள் பொறுக்கவில்லை. உன் அம்மாவுக்கு ஒரு போன் போடவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நினைத்தேன் என்பது பாதி நிஜம். மீதிப் பாதி, நான் தேடிய முகம் கையில் கிடைத்துவிட்டது.

சாயந்திரம் மாசிலாமணி சார் வீட்டுக்குப் போனேன். கத்தவில்லை, கூச்சல் போடவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன், அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது. விஷயம் வெளியே போகாது, புடவையை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, போனை மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எம் பொண்ணு மாதிரிதான் இருக்குது. ஆனா எம் பொண்ணு இல்ல." பெனிட்டா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். படத்தைப் பார்த்த உடனே கேட்டுவிட்டாள், "சார், இது ஆப்ல போட்டதா?" என்று.

இல்லை, கேமராவில் வந்தது என்றேன்.

ஒரிஜினலைக் காட்டச் சொன்னாள். வேண்டுமானால் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். போலீஸுக்குப் போகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அவள் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் வாசல்வரை வந்து நின்றார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.

அன்றைக்கே உனக்கும் அந்தப் படத்தை அனுப்பினேன். நீ கேட்டது ஒரே கேள்வி: "அப்பா, அது பெனிட்டாதானா?" நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. "நீயே பார்" என்று எழுதினேன். நாளைக்குப் பொய் என்று ஆனால் என்மேல் வரக் கூடாது பார், அவ்வளவு சாமர்த்தியம். மறுநாள் நம் வியாபாரிகள் குரூப்பிலும் போட்டேன், இந்தப் பெண் வேலை கேட்டு வந்தால் உஷாராக இருங்கள் என்று. விஷயம் வெளியே போகாது என்று அவள் அப்பாவிடம் சொன்ன வாயின் ஈரம் காய்வதற்குள் போட்டேன். நீ அவள் எண்ணை பிளாக் செய்து அடைத்துவிட்டாய் என்று அம்மா பிறகு சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து அம்மா வேலூரிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, குச்சு கட்டுகிற லோகம்மா புடவையைக் கொடுத்துவிட்டாளா என்று கேட்டாள். கிளம்புகிற அவசரத்தில், முந்தானைக்குக் குச்சு கட்டக் கூரைப்புடவையை எடுத்துப்போகச் சொல்லி லோகம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். என்னிடம் சொல்ல மறந்துவிட்டாள். லோகம்மா தன் புது மருமகளை அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண் வந்து, கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வராததால் சொல்லியிருந்த கவரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அம்மா வந்த மறுநாள் அந்த மருமகளே புடவையைக் கொண்டுவந்து கொடுத்தாள். குச்சு அழகாகக் கட்டியிருந்தது. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆப் போட்டுக் காட்டிய எந்த முகமும் அவள் முகம் இல்லை. நெற்றியில் பொட்டு மட்டும் இருந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் சரி பண்ணியிருக்கலாம். உனக்கு நான் எழுதியது நினைவிருக்கிறதா? "புடவை கிடைச்சிடுச்சு. விட்டுடு, பெருசு பண்ண வேணாம்." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பெனிட்டா எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அப்பா பெருந்தன்மையாக விட்டுவிட்டார் என்று நீ புரிந்துகொள்வாய் என்று தெரிந்தேதான் எழுதினேன். நீயும் அப்படியே புரிந்துகொண்டு, "நீங்க கிரேட்பா" என்று பதில் போட்டாய். அதை நான் இன்னும் அழிக்கவில்லை. அழிக்கத் தைரியம் வரவில்லை.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெருவில் கேள்விப்பட்டு வந்து என்னைக் கேட்டாள், சொன்னேன். அதற்குப் பிறகு வெகு நாள் சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவாள், உட்கார்ந்து பேச மாட்டாள். நான் உன்னிடம் சொல்லச் சொல்லி அவளைக் கேட்டபோது சொன்னாள்: "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அவன் அப்புறம் உங்க மூஞ்சில முழிக்க மாட்டான்." அவள் உன்னிடம் மறைத்தாள் என்று அவள்மேல் கோபப்படாதே. எனக்கு ஒரு வழி விட்டு வைத்தாள், நான்தான் அதில் நடக்கவில்லை. நடுவில் இந்தச் சம்பந்தம் வந்தது. நீ சரி என்று சொன்னாய். அப்பாடா என்று இருந்தது எனக்கு. இனிமேல் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று அதையும் ஒரு நியாயமாக வைத்துக்கொண்டேன்.

பெனிட்டாவை எந்தக் கடையிலும் வேலைக்கு எடுக்கவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, ஆள் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இப்போது செய்யாரில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடம் நான் காலையில் டீ குடிக்கிற கடைக்கு எதிரில். நான் டீக்கடையை மாற்றிவிட்டேன். மாசிலாமணி சார் எதிரில் வந்தபோதெல்லாம் அவர் ஒதுங்கவில்லை, நான்தான் சந்துக்குள் திரும்பினேன். தப்புச் செய்யாதவர் நேராக நடந்து போகிறார், நான் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

இப்படியே ஓட்டியிருப்பேன். நீ அந்தப் போட்டோவைக் கேட்டாய், நான் ஆப்பைத் திறந்தேன், முகங்கள் வரிசையாக வந்து நின்றன. கடைசியாக வந்ததை விடு, அந்தப் பொட்டு வைத்த முகத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து வந்திருப்பார்கள் என்று தெரிந்து, மத்தியானம் போனேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் வெயிலுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

மாசிலாமணி சார் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள். அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, புடவை குச்சு கட்டப் போனதிலிருந்து உனக்கு எழுதிய வரி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கேமராவில் வந்தது என்று அவளிடம் சொன்னது பொய் என்றும் சொன்னேன். குனிந்த தலை நிமிரவில்லை எனக்கு. புடவை கிடைத்த கதையே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை மாதமும் அந்த வீட்டில் திருட்டுப் பட்டத்தோடுதான் இருந்திருக்கிறார்கள். சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பெனிட்டா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். அவள் முதல் படத்தில், அந்த அரிசி அளவு முகத்தில், கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இதுதான்:

"அந்தப் பொட்டு வெச்சத ஏன் சார் அழிச்சீங்க?"

அவளுக்கே பதில் தெரியும், அதனால்தான் கேட்டாள். என் மகன் உங்கள் பெண்ணைக் கட்டக் கூடாது என்று நேராக வந்து சொல்லியிருந்தால்கூட அந்த வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். மன்னித்துவிடும்மா என்று மட்டும் சொன்னேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "எங்கிட்ட மட்டும் வந்து சொன்னா ஆச்சா சார்? அங்க போட்டீங்க இல்ல, அங்கயே சொல்லுங்க. எங்கப்பா நேத்து வரைக்கும் கடைவீதிக்கு அந்தப் பேரோடதான் போயிட்டு வந்துகினு இருந்தாரு." அவ்வளவுதான் அவள் பேசியது. உன்னைப் பற்றி நான்தான் எடுத்தேன், தினேஷிடமும் எழுதிவிடுகிறேன் என்று. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள், "அவருகிட்ட சொல்றது உங்க இஷ்டம். அவரு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் குரூப்பில் பேசிப் போட்டேன். எழுதினால் வார்த்தையைச் செதுக்க ஆரம்பித்துவிடுவேன் என்று குரலிலேயே போட்டேன். புடவை திருடு போகவே இல்லை, அந்தப் படம் நிஜப் படம் இல்லை, மாசிலாமணி சார் மகள்மேல் நான் பழி போட்டேன் என்று மூன்றையும் சொன்னேன். நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "இப்ப போயி எதுக்குண்ணே இது, ஒரே பேஜாரு" என்றார். இன்னொருவர் அந்த ஆப் பேர் என்ன, ஃப்ரீயா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இனி உன் பங்கு ஒன்று இருக்கிறது. என் பாவத்தில் பாதியை உன் தலையில் கட்டுகிறேன் என்று நினைக்காதே, என்னுடையது முழுசாக என்னுடையதே. ஆனால் அவள் சொன்ன கடைசி வார்த்தை என்னைவிட உனக்குத்தான். அந்தப் பெண்ணோடு ஒரு வருஷம் பேசியவன் நீ. அவளை நான் பார்த்ததைவிட நீ அதிகம் பார்த்திருக்கிறாய். ஒரு படத்தை நம்பினாய், ஒரு போன் பண்ணவில்லை. நீயே பார் என்று நான் சொன்னதும், போனைப் பார்த்தாய், அவளைப் பார்க்கவில்லை. நான் வளர்த்த பிள்ளை நீ, அதனால் இதைச் சொல்லும்போதும் எனக்குத்தான் தலை குனிகிறது. யார் எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும், காட்டுகிறவன் உன் அப்பனாகவே இருந்தாலும், சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. இத்தனை வயதுக்கு எனக்குத் தேறிய புத்தி இதுதான்.

நிச்சயத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நடத்து என்றும் சொல்லவில்லை. அந்த உரிமையை நான் தொலைத்துவிட்டேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை, அவளும் நல்ல பெண். அவளிடமும் ஒன்றையும் மறைக்காதே. உன் அப்பா இப்படிப்பட்டவர் என்று அவளுக்கு இப்போதே தெரிந்துவிடட்டும். அதற்கப்புறம் அவள் என்ன முடிவு எடுத்தாலும், நீ என்ன முடிவு எடுத்தாலும், நான் எதிரில் வந்து நிற்க மாட்டேன். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அம்மாவைப் பார்க்கவாவது வா. நான் கடையில் இருந்துகொள்கிறேன்.

இதோடு அந்த முகங்கள் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன், ஒன்று விடாமல். நீ கேட்ட போட்டோவும் இருக்கிறது. அதை எதிலும் போடவில்லை. பெரிய திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், உன் முகம் எது என் முகம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அடைத்து வைத்திருக்கிற அவள் எண்ணைத் திற. ஒரு தடவை போன் செய். எடுத்தால் மன்னிப்புக் கேள், அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள். எடுக்காவிட்டால் அதுதான் அவள் பதில். உனக்குப் பிடித்த பதில் வருகிறவரைக்கும் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருக்காதே. இந்த வீட்டில் ஒருத்தன் அப்படி அழுத்தியது போதும்.

அப்பா